ஒரு தொட்டி நிரம்பும் நேரம்

கேசட் ரெக்கார்டரில் பேட்டரி போடும் இடத்தின் கம்பிச்சுருளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பழைய செல்லை உள்ளேயே விட்டுவிட்டால் இப்படித்தான் கசியும். உப்புத்தாளைக் குச்சியில் சுற்றிச் சுரண்டினேன். காது குடையும் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் உரசும் ஹெட்டைத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. தொய்ந்துபோன ரப்பர் பெல்ட்டை மாற்றி, புது செல் போட்டு, "ஹலோ" என்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது, சக்கரம் சுற்றியது, நான் வாயை மூடியதும் நின்றது. பேச்சு கேட்டால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். அதுதான் இந்த மெஷினின் வித்தை. தூங்கி எழுகிற மாதிரி சற்றுத் தாமதமாக எழுவதால் முதல் எழுத்தைக் கடித்துவிடும், அவ்வளவுதான் குறை. கல்லூரியில் எனக்குக் குறிப்பெடுக்க வரவில்லை என்று அப்பா வாங்கிக் கொடுத்தது. படிப்பு பாதியில் நின்றது. மெஷின் மட்டும் மிச்சம்.

இப்போது அதற்கு வேறு வேலை வைத்திருந்தேன். பக்கவாதம் வந்து படுத்த நாளிலிருந்து அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் எனக்கு இரவு வேலை. காலையில் வந்ததும் "மாத்திரை போட்டீங்களா?" என்பேன். முகத்தைப் பார்ப்பார். மாத்திரை அட்டையை நானே பார்த்துத் தெரிந்துகொண்டு படுக்கப் போய்விடுவேன். நான் தூங்கும் மத்தியான நேரத்தில்தான் அக்கா வருவாள். அவளோ, "அப்பா என்கிட்ட நல்லாத்தான் பேசுறாரு. என் வீட்டுக்கு வந்துடறேன்னு அவரே சொல்லிட்டாரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ கொண்டுவருவாளாம். வீடு அப்பா பேரில் இருக்கிறது. அதைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இரண்டு பேரும் திறக்காததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பா தானாகச் சொல்லியிருந்தால் போகட்டும். இவள் அவர் வாயில் சொல்லைப் போட்டு வாங்கியிருந்தால் கட்டிலை வாசல் தாண்ட விடமாட்டேன்.

தெருச் சத்தத்துக்கெல்லாம் ஓடக் கூடாதென்று கேட்கும் அளவைக் குறைத்து, அலமாரியில் மருந்து டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடியிருந்ததா, மூடிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அக்கா வந்தபோது நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். "என்னடா ஆந்தை, இன்னுமா தூங்கல? போய்ப் படு, கண்ணு கோவைப்பழமாட்டம் இருக்கு" என்றாள். விரட்டுகிறாள் என்று குறித்துக்கொண்டேன்.

அவள் போனபின் இயர்ஃபோனை மாட்டிக் கேட்டேன். "ப்பா, இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். துணி மாற்றினாள், வாய் ஓயாமல் தன் மாமியாரைத் திட்டினாள். அப்புறம், "அங்க வந்துடறீங்களாப்பா?" என்றாள். உடனே அப்பாவின் குரல்.

"இங்க பேச ஆளே இல்லம்மா. உன் வீட்டுக்கே வந்துடறேன்."

திக்கல் இல்லை, திணறல் இல்லை. ஒவ்வொரு சொல்லின் தொடக்கமும் கொஞ்சம் கடிபட்டிருந்தது, வாதம் என்று விட்டுவிட்டேன். பேச ஆளே இல்லையாம். அப்படியானால் நான் யார், வீட்டு உத்தரமா? மகளைக் கண்டால் மடை திறக்கிறது, மகனைக் கண்டால் வாய் கோணிக்கொள்கிறது. நாள் முழுக்க நடிக்கிறார் மனுஷன். நேராகக் கட்டிலருகே போனேன்.

"நீங்க பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும்பா. எதுக்கு இந்த நாடகம்?"

முகத்தைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. அந்த அசைவும் எனக்கு நடிப்பாகத்தான் தெரிந்தது. "போதும், விடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி டேப்பைப் போட்டேன். அந்த வாக்கியத்தை மட்டும் அக்காவின் எதிரில் போட்டுக்காட்டி, அவருடைய வாய்ச்சாலகத்தை இருவருக்கும் சேர்த்து நிரூபிக்க வேண்டும் என்று நினைத்தேன். முன்னும் பின்னும் ஓட்டி இடத்தைப் பிடிக்கும்போதுதான் அடியில் ஒரு முனகல் கேட்டது. பக்கத்து வீட்டு மோட்டார். "இங்க" என்பதற்குக் கீழே அது இல்லை. "பேச" என்பதற்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. "ஆளே"க்கும் ஓடியது. "இல்லம்மா" வரும்போது மறுபடி அமைதி.

அந்த மோட்டாரை எனக்குத் தெரியும். என் தூக்கத்தைக் கெடுக்கவென்றே ஓடுவது. போட்டால் மொட்டை மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரில் வழியும்வரை நிறுத்தமாட்டார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். "பேச"வுக்கும் "ஆளே"வுக்கும் நடுவில் மெஷின் நின்று போயிருக்கிறது. நின்றதால் டேப்பில் இடைவெளியே இல்லை; அப்பா அடுத்த சொல்லைத் தேடிய நேரமெல்லாம் பதியாமலே போயிருக்கிறது. ஒரு வாக்கியம் முடிய ஒரு தொட்டி நிரம்பியிருக்கிறது. அத்தனை நேரமும் அக்காவும் ஒரு சொல் பேசவில்லை, பேசியிருந்தால் பதிந்திருக்கும். சினிமாக் கொட்டகையில்கூட வாயை மூடாதவள் அவள். எனக்கு அதையும் நம்ப முடியவில்லை. ஒருவேளை காதோரம் குசுகுசுவென்று எடுத்துக் கொடுத்திருப்பாளோ? குசுகுசுப்புக்கு இந்த மெஷின் எழாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருவதற்கு முன் முக்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். பேச்சுக்கு மட்டும் ஓடும் சுவிட்சை அணைத்தேன். இனி யார் பேசினாலும் பேசாவிட்டாலும் டேப் ஓடும். மருந்து டப்பாக்களுக்குப் பின்னால் வைக்காமல் அவர் கண்ணெதிரே மேஜையில் வைத்தேன்.

"அப்பா, போறேன்னு நீங்களா சொன்னீங்களா? அவ சொல்லச் சொன்னாளா?"

பார்த்தார். சக்கரம் சுற்றியது. எழுந்துவிடலாம் என்று என் கால் இரண்டு முறை தரையைத் தேடியது. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டேன், கழற்றினேன். அவர் கழுத்தில் ஏதோ ஏறி இறங்கியது.

"நீ" என்றார்.

அதோடு நின்றது. நீ என்றால் என்ன அர்த்தம்? நீ கேட்காதே என்றா? நீயும் வா என்றா? நீதான் காரணம் என்றா? நானே ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்து ஆமாவா இல்லையா என்று முடித்துவிடலாம் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா காலிப் பெட்டியோடு உள்ளே வந்தாள். முக்காலியில் என்னைப் பார்த்தாள், அப்புறம் மேஜையில் ஓடும் மெஷினைப் பார்த்தாள். முகம் கறுத்தது.

"எவ்ளோ நாளா நடக்குது இது?" என்றாள், சன்னமாக.

அப்பாவின் உதடுகள் அடுத்த எழுத்துக்காக ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதை அவளும் பார்த்துவிட்டாள். பெட்டியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரனை ஒருமுறை அழுத்தினார். அக்கா வாசல்வரை போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினாள். உயர்த்திய கை இறங்காமல் அப்படியே இருந்தது.