ஓரிடத்தில் நின்ற ஓசை

திருகோணமலைத் துறைமுகத்தின் திருத்துமிடத்தில் கரையேற்றியிருந்த பாரப்படகின் வயிற்றுக்குள் பஹ்மி துருவை உரித்துக்கொண்டிருந்தான். வெளியே, மணற்கொப்பரையின் அடைப்புத் திருகில் கைவைத்தபடி சோமசேகரம் நின்றான். அழுத்தக் காற்றோடு கருமணல் குழாய்வழி உள்ளே பாய்ந்து இரும்பைத் தேய்த்தது. நுழைவாய்க்குள் தூசி மட்டுமே தெரிந்ததால், உள்ளிருப்பவனை அவன் காதால்தான் கண்டான்.

குழாயின் முனையில் ஒரு பிடியுண்டு. கை தளர்ந்தால் காற்று தானே நின்றுவிடும். காலையில் அந்தப் பிடியை சைக்கிள் ரியூப் துண்டால் இறுகக் கட்டியவன் சோமசேகரமே.

“விரல் விறைச்சுப் போச்சு மச்சான். ஒருக்காக் கட்டிவிடு,” என்று பஹ்மி கேட்டிருந்தான்.

“மேற்பார்வை தவராசா ஐயா கண்டா ரெண்டு பேரையும் கேற்றுக்கு வெளியில விட்டிடுவார்.”

“கண்டா, குழாய்க்குக் காயமெண்டு சொல்லு.”

இப்போது ஓசை நடக்கவில்லை. தகட்டின்மேல் மழைபோல் உலவ வேண்டிய இரைச்சல் ஓரிடத்திலேயே நின்று, மெல்லமெல்லக் கூர்மையடைந்தது. விடாப்பிடியான துருவோ? போன கிழமை வீண் அச்சத்தால் அவன் அடைப்பைப் பூட்ட, குழாயில் மணல் இறுகி அரைநாள் கெட்டது. பயந்தாங்கொள்ளி என்று பெயரிட்டவனும் பஹ்மிதான். உரித்த இரும்பு கடற்காற்றில் மாலைக்குள் மீண்டும் சிவக்கும். அதற்குள் பூச்சு ஏற வேண்டும். நெஞ்சுக்குள் பதிகமொன்றைத் தொடங்கினான். இரண்டாம் அடி வரவில்லை. ஓசையும் நகரவில்லை.

அடைப்பைப் பூட்டினான்.

பஹ்மியின் ஏச்சுக்காக அவன் செவி ஏங்கியது. அது வரவேயில்லை.

உள்ளே இறங்கினான். தூசியினூடே ஓர் ஒளிக்கதிர் ஊசிபோல் நீண்டிருந்தது; ஓரிடத்திலேயே பாய்ந்த மணலால் தகடு துளைபட்டிருந்தது. சரிந்து விழுந்த சாரப்பலகையின் கீழ் பஹ்மியின் வலக்கால் கிடந்தது. அதே பலகை குழாய்முனையையும் அழுத்தியிருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு சாண்.

பலகையைப் புரட்டித் தள்ளித் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

“எவ்வளவு நேரமாக் கத்தினன், குரலும் போயிட்டுது,” என்றான் பஹ்மி, தேய்ந்த தொனியில். “தேவையில்லாத நேரம் பூட்டுவாய். இண்டைக்கு மட்டும் ஏலாதாக்கும்.”

“கால் அசையுதா?”

“இல்ல. முதல்ல ரியூப்பை அவிழ். ஐயா வந்திடுவார்.”

சொல்லி முடியுமுன் நுழைவாயை நிழல் மறைத்தது. “ஏன் நிப்பாட்டினனீங்கள்?” என்றார் தவராசா.

சோமசேகரத்தின் விரல்கள் முடிச்சில் இருந்தன. அவன் போட்ட முடிச்சு. ஓர் இழுப்பில் அவிழும். கையை எடுத்தான். குழாய்முனையை மேலே தெரியும்படி உயர்த்திப் பிடித்தான்.

“பிடியைக் கட்டினது நான், ஐயா. பஹ்மிக்குக் கால் போயிட்டுதோ தெரியேல்ல. அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கோ.”