ஊமத்தம்பட்டிக் கண்மாயில் கணவாய்

ஊமத்தம்பட்டிப் பெரிய கண்மாயில் முதல் கணவாய் பிடிபட்டது 1956 ஐப்பசியில், விருதுநகர்ச் சந்தையில் மிளகாய் விலை இறங்கிய வாரம். அப்போது கண்மாயில் தண்ணீர் இல்லை. அதற்கு முந்தைய வருடங்களிலும் இல்லை. பிடித்தவர் தூத்துக்குடி தொம்மை பர்னாந்து. மடையின் கல் சுவரில் உட்கார்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசலை நோக்கித் தூண்டில் கயிற்றை வீசினார். வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கயிறு கனத்தது. வந்தது கடலில் கிடைக்கும் அதே கணவாய். பத்துக் கை, பெரிய கண், உடம்புக்குள் மைப்பை. மேலே வந்ததும் அவர் வேட்டியில் மையைப் பீய்ச்சியது. தூத்துக்குடிக் கணவாயும் அதைத்தான் செய்யும் என்பதால் அவர் வியக்கவில்லை. கரையில் நின்ற ஊர்க்காரர்களும் வியக்கவில்லை. அதற்கு முன் யாரும் கணவாயைப் பார்த்ததில்லை, அது எங்கே இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

காரணம் பஞ்சாயத்து நோட்டீஸ்தான் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடா வருடம் கண்மாய் மீனை ஏலம் விடுவது ஊமத்தம்பட்டி வழக்கம். விடாவிட்டால் மழை கோபித்துக்கொள்ளும் என்பது பஞ்சாயத்துத் தலைவர் ஊர்க்காவலனின் எண்ணம். நோட்டீஸ் சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சாகும். அங்கே எழுத்துக் கோப்பவர் சத்தியநாதன், கவனமான மனிதர். ஆனால் காலண்டர் சீசனில் சிவகாசியில் 'ம' கிடைக்காது. மாசி, மார்கழி, அமாவாசை, எமகண்டம், ஏழு கிழமை என்று இருக்கிற ம எல்லாம் காலண்டருக்குள் பூட்டிக் கிடக்கும். தை பிறந்தால்தான் வெளியே வரும். கையிலிருந்த கடைசி ம ஊர்ப் பெயருக்குப் போய்விட்டது. கண்மாய்க்கு ம இல்லை. வ வைத்தார். படிப்பவர்களுக்குப் புரியும் என்று நினைத்தார். பக்கத்திலிருந்த 'ண்' பழையது, தலையில் புள்ளி தேய்ந்து போனது. 'ஊமத்தம்பட்டி பெரிய கணவாய் மீன் ஏலம்' என்று அச்சாகி வந்தது. ஊர்க்காவலன் படித்துப் பார்க்காமல் எல்லாவற்றிலும் பஞ்சாயத்து முத்திரையைக் குத்தினார். கணவாய் என்றால் மலையிடுக்கு என்று பள்ளியில் படித்திருந்த சிலர், ஊரில் மலையே இல்லையே என்று சற்று யோசித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். முத்திரை குத்திய பிறகு அது ஊரின் வாக்கு. வாக்கு கொடுத்ததை ஊர் தந்தாக வேண்டியிருந்தது.

தொம்மை அங்கே வந்ததற்குக் காரணம் அவருடைய மகள் இசபெல். அவள் தூத்துக்குடியில் நர்ஸ். ஊமத்தம்பட்டிப் பள்ளி வாத்தியார் ராஜசிங் டைபாய்டு காய்ச்சலோடு அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊசி போட்டது அவள்தான். காய்ச்சல் போன பிறகும் அவர் போகவில்லை. பெண் கேட்கப் போனபோது தொம்மை மரியாதையாகக் காப்பி கொடுத்தார். மாப்பிள்ளை வேறு சபை என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஊமத்தம்பட்டியில் கடல் இல்லை என்பது பெரிதாகப் பட்டது. மனைவி இறந்தவர், ஒரே மகள், மகளோடுதான் இருப்பார். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலிருந்து சாயங்காலமானால் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து கணவாய்க்குத் தூண்டில் போடுபவர். சுவரும் கணவாயும் இல்லாத ஊரில் சாயங்காலத்தை என்ன செய்வது என்று கேட்டார். ராஜசிங் காப்பியைக் குடித்துவிட்டு ஊர் திரும்பினார். பிறகு ஒரு நாள் கடையில் வாங்கிய மிளகாய் வற்றலைச் சுற்றியிருந்த தாளைத் தொம்மை பிரித்துப் படித்தார். அது ஊமத்தம்பட்டி ஏல நோட்டீஸ், முத்திரையோடு இருந்தது. வாத்தியார் அடக்கமானவர், தம் ஊர்ப் பெருமையைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டார். திருத்தங்கலில் ரயிலிறங்கி மாட்டுவண்டி பிடித்து வந்து சேர்ந்தார். அவரைச் சுவர்மேல் பார்த்த ராஜசிங், கல்யாணம் அத்தோடு போனது என்று பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் கணவாய் வந்ததை அவர் பார்க்கவில்லை. மை பீய்ச்சிய சத்தத்தைத்தான் கேட்டார்.

தொம்மை சம்மதித்தார், ஆனால் உடனே அல்ல. கணவாய் குணம் கெட்டது, ஒரு வருசம் வரும், மறு வருசம் வராது, நாலைந்து வருசம் பார்க்காமல் பெண்ணை அனுப்ப முடியாது என்றார். ஊரிலேயே ஒரு அறை பிடித்துத் தங்கிவிட்டார். சாயங்காலம் தீப்பெட்டிக் கம்பெனிச் சங்கு ஊதும் நேரத்தில் கணவாய்கள் வரும். காய்ந்த தரைக்கு மேலே, கொடியில் காயும் துணி போல அந்தரத்தில் நின்று, பின்பக்கமாக நீந்தும். மத்தாப்பு போலப் பச்சையாகவும் சிவப்பாகவும் நிறம் மாறும். நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன. தொம்மை மரத்தில் செதுக்கிய இறால் பொம்மையைக் கயிற்றில் கட்டி வீசுவார், மெல்லச் சுண்டுவார், காத்திருப்பார். பிடித்ததை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவார். வறுத்துத் தின்றவர்கள் கொஞ்சம் கந்தகம் அடிக்கிறது, மற்றபடி மோசமில்லை என்றார்கள். ஒவ்வொரு வருடமும் காலண்டர் சீசனில் ம தீர்ந்தது, ஒவ்வொரு வருடமும் நோட்டீஸ் அதேபோல் வந்தது. 1958இல் மழை பெய்து கண்மாய் நிறைந்தது. கணவாய்கள் தண்ணீரில் இறங்க மறுத்து, கரையிலிருந்த கருவேல மரங்களில் தொங்கிக்கொண்டு வற்றும்வரை பொறுத்திருந்தன. அந்த மாதங்களைத் தொம்மை கணக்கில் சேர்க்கவில்லை. ராஜசிங்குக்குக் காதோரம் நரைத்தது. தூத்துக்குடியில் இசபெல் தலைமை நர்ஸ் ஆனாள். பார்க்கப் போன ராஜசிங்கிடம் அவள் சொன்னது ஒன்றுதான்.

"அப்பாவுக்கு நாலைஞ்சுன்னா அஞ்சு. அதுக்கு மேல போனா நான் கன்னியர் மடத்துல சேந்திருவேன். அங்க யாரும் கணவாயப் பத்திக் கேக்க மாட்டாங்க."

அந்த ஐந்தாவது வருடம், 1961இல், குருவம்மாள் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தாள். ஊரில் தீப்பெட்டி ஒட்டும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. கம்பெனியிலிருந்து அட்டை வாங்கி வந்து, வீட்டில் வைத்து ஒட்டி, கண்மாய்த் தரையில் பரப்பிக் காய வைப்பார்கள். கணவாய்கள் வருடத்துக்கு வருடம் பெருகின. சுண்டி இழுக்கும்போது பீய்ச்சும் மை பெட்டிகள் மேல் விழுந்தது. லேபிளில் இருக்கும் கிளி காக்கையானது. கறுத்த பெட்டியைக் கம்பெனி எடுக்கவில்லை. இனியும் வந்தால் ஊமத்தம்பட்டிக்கு ஆர்டரே கிடையாது என்றது. நோட்டீஸைத் திருத்தி அடித்தால் கணவாய் போய்விடும் என்று குருவம்மாள் சொன்னாள். நியாயம் என்று ஊர்க்காவலன் ஒப்புக்கொண்டார். ராஜசிங் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவகாசிக்கு ஓடினார். பழையபடியே விடச் சொல்லிச் சத்தியநாதனைக் கெஞ்சினார்.

சத்தியநாதன் கண்ணாடியைத் துடைத்தார். "வாத்தியாரே, அஞ்சு வருசமா என் தப்பு அந்தக் கண்மாயில நீந்திக்கிட்டுத் திரியுது. சொந்தக்காரன் வீட்டு விசேசத்துல கூட என்னைய 'வாங்க கணவாய்'ங்காக. இந்த வருசம் மெட்ராஸ்லருந்து புது எழுத்து வந்திருக்கு. மூட்டை நெறைய ம."

அவர் புது ம வைத்தார். புள்ளி உருண்டையாக இருந்த புது ண் வைத்தார். கண்மாய் என்று திருத்தமாக அச்சாயிற்று. கட்டு ஊருக்கு வந்து சேர்ந்தது. முத்திரை குத்துவதற்கு மறுநாள் காலையில் கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். தொம்மை அதைக் கேட்டுவிட்டு வழக்கம்போலச் சுவருக்குப் போனார். போகும் முன்பு பெட்டியில் துணிமணிகளை எடுத்து வைத்ததை ராஜசிங் பார்த்தார்.

அன்று சாயங்காலமும் ஒரு வரிசைப் பெட்டி கறுத்தது. குருவம்மாள் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு சுவர்மேல் ஏறித் தொம்மையின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது யாரு பாத்த வேலை?"

"கணவா பாத்த வேலை."

"நீங்க இழுக்கப் போயித்தான அது பீச்சுது?"

"இழுக்காட்டாலும் பீச்சும். அதோட குணம் அப்படி."

"புடிச்சு என்ன செய்வீக? விப்பீகளா?"

"இல்ல."

"திம்பீகளா?"

"எனக்கு ஆவாது. ஒடம்பெல்லாம் தடிச்சிரும்."

"பெறகு எதுக்கு?"

"சும்மா."

குருவம்மாளுக்கு அந்தச் சொல் தெரியாதது அல்ல. சின்ன வயதிலிருந்து அது அவளிடம் வசவாகவே வந்திருந்தது. சும்மா நிக்காதே, சும்மா உக்காராதே, சும்மாவா சோறு போடுறோம். காட்டு வேலையிலும் அப்படி, பெட்டி ஒட்டும் வேலையிலும் அப்படி. அவளும் தன் கீழே இருந்த பெண்களை அதே சொல்லால்தான் விரட்டினாள். ஒரு மனிதர் அதை ஒரு காரணமாக, கூச்சமில்லாமல், சொல்லி அவள் கேட்பது அதுவே முதல் தடவை. நீட்டிய பெட்டியைக் கீழே வைத்தாள். தொம்மைக்கு மூக்குப்பொடி போட வேண்டியிருந்தது. இரண்டு கையும் வேண்டும் என்பதால் கயிற்றை அவள் கையில் கொடுத்தார். கொடுத்த நேரத்தில் மறுமுனையில் ஏதோ மெல்லத் தொட்டது.

"இப்ப இழுக்கணுமா?"

"இழுக்காதீங்கம்மா. அது யோசிக்குது."

"எம்புட்டு நேரம் யோசிக்கும்?"

"அது இஷ்டம்."

குருவம்மாள் உட்கார்ந்தாள். பசைச் சட்டி அடுப்பிலிருந்தது, அட்டை எண்ணப்படாமல் கிடந்தது. இரண்டும் அவளுக்கு நினைவிருந்தன, இருந்தும் உட்கார்ந்தாள். கணவாய் பச்சையானது, சிவந்தது, மறுபடி பச்சையானது. பிறகு அது ஒரு முடிவுக்கு வந்து பொம்மையைக் கட்டிப் பிடித்தது. அவள் இழுத்தாள். மை அவள் முகத்திலும் சேலையிலும் அடித்தது. கீழே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்து, "ஏ மதினி, ஒன்னயவும் கம்பெனி எடுக்காது போ" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். குருவம்மாள் விரட்டவில்லை. கயிற்றை மறுபடி வீசத் தெரியாமல் வீசினாள். அது கரையிலிருந்த கருவேல மரத்தில் போய் மாட்டியது.

மறுநாள் கூட்டத்துக்கு அவள் கடைசியாக வந்தாள். தேய்த்தும் போகாமல் பாதி முகம் கறுப்பாக இருந்தது. திருத்திய நோட்டீஸ் கட்டு மேசைமேல் இருந்தது. ஊர்க்காவலன் முத்திரையைக் கையில் எடுத்திருந்தார். ராஜசிங் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். தொம்மை பெட்டியும் கையுமாக வாசலில் நின்றார். அந்த முத்திரை விழுந்தால் கணவாய் போகும், அவர் போவார், இசபெல் மடத்துக்குப் போவாள். இது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"குத்தாதீக," என்றாள் குருவம்மாள்.

"நீதான தாயி மனுக் குடுத்த?"

"குடுத்தேன். இப்பத் திருப்பிக் கேக்கேன்."

"பெட்டி கறுக்குதே. அதுக்கு என்ன செய்ய?"

"பெட்டியப் பள்ளிக்கூடத்து வெட்டவெளில காயப் போட்டுக்கிடுதோம். சங்கு ஊதுனதுக்குப் பெறகு நாங்க மடைச் செவத்துல வந்து உக்காருவோம்."

"உக்காந்து?"

"சும்மாதான்," என்றாள்.

பள்ளி மைதானத்தில் பெட்டி காயப் போட்டவர்களை அதுவரை பிரம்பைக் காட்டி விரட்டியவர் ராஜசிங். எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். அவர் வெளியே வந்து, மைதானம் மட்டுமல்ல, மழைக்காலத்தில் வகுப்பறையும் தருவதாகச் சொன்னார். பெஞ்சுகளை எடுத்து வெளியே போடுவதாகவும் சொன்னார். போதும் என்று ஊர்க்காவலன் கையமர்த்தினார். முத்திரையை, போன வருடம் குத்தாமல் மிஞ்சிக் கிடந்த பழைய நோட்டீஸ்களில் குத்தினார். திருத்திய கட்டைச் சத்தியநாதனிடமே திருப்பி அனுப்பினார்கள். அவர் மிகவும் வருந்தினார்.

கல்யாணம் 1962இல் ஈஸ்டர் கழிந்து நடந்தது. பாதிரியார் ஒருவருக்கு இருவராக வந்து, மாறி மாறி ஜெபம் பண்ணி, ஒரே இலையில் சமாதானமானார்கள். இசபெல் விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கினாள். பஸ்ஸில் போய் வந்தாள். பெட்டி ஒட்டும் பெண்கள் கணவாய் வறுத்துப் பந்தியில் வைத்தார்கள். தொம்மை மட்டும் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டார். பந்தி முடிந்து சங்கு ஊதியதும் பெண்கள் பட்டுச் சேலையோடு கயிறுகளை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த இசபெலின் அத்தை ஞானபூரணி காற்று வாங்கலாம் என்று அவர்கள் பின்னால் போனாள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். சுவரில் வரிசையாகப் பெண்கள். எதிரே வெடித்த கரிசல். அதற்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கணவாய்கள். அவள் இடமும் வலமும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் பருத்திக் காடும் புகைபோக்கிகளுமாக இருந்தன. கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குருவம்மாளிடம் கேட்டாள்.

குருவம்மாள் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடல் தூத்துக்குடியில இருக்குங்க. இங்கன கணவா மட்டுந்தான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நெழல் விழுது."

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.