ஒரு நோய்க்கு ஒரு சங்கம்

அறக்கட்டளை அலுவலகத்தின் தாழ்வாரத்தில் அக்காவும் தங்கையும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாற்காலியில் இருவரின் கைப்பைகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடந்தன. மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு வரி நிபந்தனை. அரிய நோய்களுக்காக இயங்கும் சங்கங்களுக்கு நிதி உண்டு, ஆனால் ஒரு நோய்க்கு ஒரே விண்ணப்பம். பையன்களின் தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும் அந்த நோய்க்கு ஊரில் இரண்டு சங்கங்கள் இருந்தன. ஒன்றுக்கு அக்கா தலைவி, மற்றதற்குத் தங்கை.

"உன் சங்கத்துல எத்தனை குடும்பம்னு கேட்டா என்ன சொல்லப் போறே?" அக்கா எதிர்ச் சுவரிடம் கேட்டாள்.

"உன்கிட்ட இருக்கிற அதே குடும்பங்கதான். ரெண்டு பக்கமும் வந்து டீ குடிச்சிட்டுப் போறாங்க."

அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

தாய்வழி வருகிற நோய். இருவர் வீட்டிலும் வந்தது. அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது; சக்கர நாற்காலிக்குப் போய் வெகுகாலமாகிறது. இப்போது நெஞ்சும் தளர்ந்து, சளியை இருமித் துப்பக்கூட வலுவில்லை. தங்கை மகன் சின்னவன், இன்னும் நடக்கிறான். ஆனால் சளியை உறிஞ்சி வெளியேற்றும் மெஷின்களை வாங்கி வீடுகளுக்கு இரவல் கொடுக்க வேண்டும் என்று மல்லுக்கட்டியவள் தங்கை. நோயாளிகள் பதிவேடும் மரபணுப் பரிசோதனையும் வேண்டும், அவை இருந்தால்தான் புது மருந்தின் சோதனை இந்த ஊர்ப்பக்கம் வரும் என்றவள் அக்கா. அந்தச் சோதனையில் நடக்க முடிகிற பையன்களை மட்டுமே சேர்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

சங்கம் உடைந்தது இதில்தான். "இப்பவே சாவுக்கு ஏற்பாடு பண்றே," என்றாள் அக்கா, பொதுக்குழுவில், எல்லார் முன்னாலும். "உன் பிள்ளையை நிமிர்ந்து பார்க்க உனக்குப் பயம்," என்றாள் தங்கை. உறுப்பினர்கள் எழுந்து, யாரும் சொல்லாமலே நாற்காலிகளை மடக்கி அடுக்கத் தொடங்கினார்கள்.

நேர்காணல் சுமுகமாகத்தான் போனது. கூட்டு விண்ணப்பத்தில் மெஷினும் இருந்தது, பதிவேடும் இருந்தது. கடைசியில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். "கேட்டதுல பாதிதான் கிடைக்கும்னு வச்சுக்குவோம். எதை விடுவீங்க?"

"மெஷினை," என்றாள் அக்கா. யோசிக்கவே இல்லை.

அதிகாரி தங்கை பக்கம் திரும்பினார். போன வாரம் அக்கா மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் போட்டுச் சளி எடுத்த கதையை அம்மா போனில் சொல்லியிருந்தாள். மெஷினுக்காகச் சொல்ல வேண்டியதையெல்லாம் வழி முழுக்க மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள் தங்கை. இங்கே அக்காவும் தங்கையும் ஆளுக்கொன்று சொன்னால் பைலை மூடிவிடுவார்கள் என்று தோன்றியது. காலையில் சின்னவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே செருப்பு மாட்டியதும் நினைவுக்கு வந்தது. எது முதலில் தோன்றியது என்று பிறகு அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அக்கா சொல்றதுதான்," என்றாள். அதிகாரி குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து லிப்டுக்குக் காத்திருந்தபோது தங்கை கேட்டாள். "ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"சின்னவன் நடக்கிறான்ல?"

லிப்ட் வந்து கதவு திறந்ததும் அக்காவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் மகன் இருமிக்கொண்டிருந்தான். மெலிதாக, விட்டு விட்டு, எதையும் மேலே கொண்டுவராத இருமல். பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டது. "மெதுவாடா, அம்மா லைன்லதான் இருக்கேன்," என்றாள் அக்கா.

தங்கை ஒரு காலை லிப்டின் வாசலில் வைத்துக்கொண்டு நின்றாள். கதவுகள் நெருங்கி வந்து அவள் காலைத் தொட்டு விலகின. மறுபடியும் நெருங்கி வந்தன. அவள் காலை எடுக்கவில்லை.