மூடி போடாத சட்டி

மரவள்ளிக்கிழங்கு அவிக்கிற சட்டிக்கு மூடி போடக்கூடாது. நஞ்சு ஆவியோடு போகவேண்டும் என்பார்கள். திருகோணமலையில் அடுப்படி தெரிந்த எவளுக்கும் இது தெரியும். ஆனால் நேற்றிலிருந்து இறங்குதுறை முழுக்க ஒரே கதை: ரபீக்கா மூடிபோட்டு அவித்துவிட்டாளாம், அதனால்தான் மூட்டை தூக்குகிற துவாரகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். அந்த ரபீக்கா நான்தான். இன்று காலை மழையோடு மழையாக அதே சட்டியைக் கொண்டுவந்து, அதே தறப்பாள் கூரைக்குக் கீழே குந்தினேன். வராமல் விட்டால் கதை உண்மையாகிவிடும்.

மாரியில் கடல் கொந்தளித்து மீன் குறைந்தால், துறைமுக வேலையாட்களின் காலை வயிற்றை நிரப்புவது என் கிழங்குதான். மழைக்கு மண் இளகியதும் கட்டைபறிச்சான் தோட்டங்களிலிருந்து அன்றன்று பிடுங்கியது வரும். பருமனைப் பார்த்து அள்ளுகிறவள் இல்லை நான். நுனியை ஒடிப்பேன். சடக்கென்று ஒடியவேண்டும், உள்ளே தேங்காய்போல வெள்ளையாக இருக்கவேண்டும். நீல நரம்பு ஒன்று ஓடினாலும் வியாபாரியின் முகத்துக்கு நேரே திருப்பி வைப்பேன். ராங்கிக்காரி என்பான், சொல்லட்டும். தோலோடு உள்பட்டையையும் உரித்து, முதல் அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு மறுபடி அவிப்பேன். ஆறு வருடத்தில் ஒரு குழந்தைக்குக்கூட வயிறு வலித்ததில்லை.

கிழங்கோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சாகும் என்பதும் எங்கள் பக்கத்துப் பயம். அதனால் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை அன்ஸார் நானாவுக்கும் எனக்கும் தொடக்கத்திலேயே ஒரு பேச்சு: என் சட்டி காலியாகும்வரை அவர் தேத்தண்ணிக்கு இஞ்சி இடிக்கமாட்டார். நேற்றுக் குளிருக்கு ஆட்கள் கேட்டிருக்கிறார்கள், இடித்துவிட்டார். மணம் எனக்கு வந்தபோது, என் கிழங்கைத் தின்றிருந்த துவாரகன் அதைக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். கிழங்கா, இஞ்சியா, முதல்நாள் தின்ற வேறெதுவுமா என்று டொக்டரே இன்னும் சொல்லவில்லை. ஊர் சொல்லிவிட்டது. அன்ஸார் நானா தான் இஞ்சி இடித்ததைச் சொல்லாமல் வாயில் கொழுக்கட்டை வைத்தவர்போல நின்றார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏழு மணியாகியும் ஒருவரும் வரவில்லை. எல்லாரும் அன்ஸார் நானாவின் கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்று என்னையும் சட்டியையும் பார்த்தார்கள். கடைசியில் அவரே குடையோடு வந்தார்.

"ரெண்டு மூண்டு நாள் வீட்ட இரியுங்க, தங்கச்சி. கதை அடங்கட்டும்."

கதை அடங்காது, என் இடம்தான் போகும் என்றேன். அவர் குடையோடு திரும்பிப் போனார்.

இதற்குமேல் பொறுத்தால் நான் மனிசியில்லை. ஒரு தட்டில் கிழங்கைக் குவித்து, தேங்காய்ப்பூவும் மிளகாய்ச் சம்பலும் வைத்து, அவருடைய கடைக்குள்ளேயே போனேன். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் பார்க்க, நின்றபடியே சாப்பிட்டேன். நல்ல கிழங்கு, மாவாகக் கரைந்தது. வெறும் தட்டை மேசையில் வைத்தேன்.

"நானா, இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ தாங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "கிழங்கு திண்டுட்டு இஞ்சி குடிக்க ஏலாது, ரபீக்கா."

"நேத்து துவாரகனுக்குக் குடுத்தீங்கதானே."

துவாரகனோடு மூட்டை தூக்குகிற தர்மிகன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தான்.

"நேத்து இஞ்சி போட்டனீங்களா, நானா?"

"குளிர் எண்டு கேட்டாங்க," என்றார் அன்ஸார் நானா. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை, கண் மேசையில் இருந்தது.

அது எனக்குப் போதாது. தந்தால் குடிக்கத்தான் போகிறேன். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆறு வருடம் அவித்த என் கைமேல் எனக்கு இருக்கிற நம்பிக்கை அந்தப் பயத்தைவிடப் பெரியது.

"நான் கேட்டது இன்னும் வரேல்ல, நானா."

அவர் இஞ்சித் துண்டு ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார். கல்லைத் தூக்கினார். கல் கையிலேயே நின்றது. கோப்பைக்காக நீட்டிய கையை நான் இறக்கவில்லை. வெளியே தறப்பாளுக்குக் கீழே, மூடி போடாத சட்டியிலிருந்து ஆவி மழைக்குள் போய்க்கொண்டிருந்தது.