மருமகனுக்குக் கொடுக்காத கார்

முத்தலிப்புக்கு மருமகனைப் பிடிக்காது. மருமகன் ஸிராஜுக்கும் மாமனாரைக் கண்ணில் காட்டக் கூடாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் வாய் திறப்பது ஒரே விஷயத்துக்குத்தான்: முத்தலிப்பின் பழைய கார். அதன் பற்றரி எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்பான் ஸிராஜ். எரிந்துவிட்டுப் போகட்டும் என்பார் இவர்.

சாய்ந்தமருதில் பெண்பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவான். முத்தலிப் மீன் வியாபாரத்தில் உழைத்து மூத்தவளுக்கு ஒரு வீடு கட்டினார். இளையவள் நதீராவுக்குத் தான் இருந்த வீட்டையே, அதைச் சுற்றிய வளவோடு எழுதிவிட்டார். மனைவியும் மவுத்தாகிப் போய்ச்சேர, இப்போது தனி ஆளாய் ஓர் ஓரத்து அறையில் இருக்கிறார். அவர் உட்காரும் கதிரையை எங்கே போடுவது என்பதைக்கூட ஸிராஜ்தான் சொல்கிறான். அவர் பேரில் மிஞ்சியிருப்பது அந்தக் கார் ஒன்றுதான். அதுவும் போனால் மகள் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிழவன் என்ற பேர்தான் மிஞ்சும் என்று அவர் பயந்தார்.

அப்படிப்பட்ட காரைத்தான் ஸிராஜ் ஒருநாள் கேட்காமல் எடுத்துப்போய், மருதமுனையிலிருந்து தன்னைப் பெற்ற உம்மாவை ஏற்றி வந்தான். ஓட்டுபவரின் சீற்றையும் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான். அன்றிலிருந்து முத்தலிப் இரவில் இஷாத் தொழுதுவிட்டு வந்ததும் பொனட்டைத் திறந்து, பற்றரி வயரைக் கழற்றி விடுவார். இனி எடுத்துப் பார்க்கட்டும். காலையில் ஸ்பனர் தேடப் பொறுமையில்லாமல் வயரைக் கையால் அமுக்கி, கல்லால் இரண்டு தட்டுத் தட்டுவார்.

கொஞ்ச நாளில் பற்றரி விளக்கு எரியத் தொடங்கியது. பிறகு பிரேக் விளக்கு. பிறகு இன்னதென்று தெரியாத மஞ்சள் விளக்குகள். காருக்குள் கல்யாண வீடு நடக்கிறது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று ஸிராஜ் அயலவர் காதில் விழவே நக்கலடித்தான். முத்தலிப் கறுப்பு ஒட்டுநாடா வாங்கி விளக்குகள் எல்லாவற்றையும் மறைத்து ஒட்டினார். நல்ல வைத்தியம்தான்.

ஸிராஜின் உம்மா வீட்டில் ஒரு பகல் விருந்து. நதீரா கெஞ்சியதால் முத்தலிப் இருவரையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார். கல்முனைச் சந்தைக்கு நடுவே கார் செத்துப்போய் நின்றது. பின்னால் பஸ்காரன் ஹோர்னில் கை வைத்தவன் எடுக்கவேயில்லை. விருந்துக்கென்று மினுக்கிப் போட்ட சேட்டோடு ஸிராஜ் இறங்கித் தள்ளினான். பாண்டிருப்பில் கார் திருத்தும் கனகரெத்தினத்தின் கராஜ் வரைக்கும் தள்ளினான். வழியெல்லாம் அவன் முணுமுணுத்த எதுவும் அல்லாஹ்விடம் கேட்ட துஆ இல்லை.

கனகரெத்தினம் பொனட்டைத் திறந்து பற்றரி வயரைத் தொட்டதும் அது கையோடு வந்தது. அவர் முத்தலிப்பிடம் கேட்டார்.

"இத ஆர் காக்கா நெடுகலும் கழட்டுற? கவ்வுற இடம் தேஞ்சி போய்க் கிடக்கு. இதாலதான் இவ்வளவு லைற்றும் எரிஞ்சிருக்கு."

தான் அதைத் தொட்டதே இல்லை என்றான் ஸிராஜ். சொன்னவன் மாமனாரின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. முத்தலிப் ஒரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். கோபம் விடவில்லை.

"நான்தான் கழட்டின. வீட்டுக்குள்ளயே கள்ளன் இருந்தா வேற என்ன செய்யிற?"

ஸிராஜ் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். நதீரா குறுக்கே வந்து நின்றாள். அவள் பார்த்தது புருஷனை அல்ல, தகப்பனை.

"அண்டைக்கு மாமியக் கூட்டி வர, உங்கட சேட்டுப் பையில இருந்து சாவிய எடுத்துக் குடுத்தது நான். நீங்க படுத்திருந்தீங்க, எழுப்ப மனம் வரல்ல. அப்ப கள்ளி நான்தானே, வாப்பா?"

முத்தலிப் மகளிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை, வெறுப்பு அவ்வளவு ருசியாக இருந்தது.

நதீரா ஓட்டோ ஒன்றை மறித்தாள். ஸிராஜ் முதலில் ஏறினான். ஏறுமுன் அவள் திரும்பினாள்.

"நீங்க எப்பயும் போல வீட்டுக்கு வாங்க. இந்தக் கார் மட்டும் இனி என்ட வளவுக்குள்ள வரப்படா."

யாருடைய வளவு என்று கத்த முத்தலிப் வாயெடுத்தார். எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வைத்தவர் அவர்தான். ஓட்டோ போய்விட்டது.