மனித சராசரி

அறிவு என்றால் என்ன என்று எங்கள் ஆய்வகத்தில் அடித்துக்கொள்ளாத நாளில்லை. உலகத்துப் புத்தகங்களையெல்லாம் ஊட்டினால் இயந்திரத்துக்கு அறிவு தானாக வரும் என்றது ஒரு கோஷ்டி. கை கால் வைத்து, குழந்தை மாதிரி விழுந்து எழ விட்டால்தான் வரும் என்றது இன்னொன்று. கடைசியில் இயக்குநர் ஒரு முடிவு கட்டினார். முன்பின் பார்த்திராத புதிர்களில் மனிதர்களின் சராசரியை இயந்திரம் தாண்டிவிட்டால், அதற்கு மனிதனுக்குச் சமமான அறிவு வந்துவிட்டதாம்.

புதிர் அவிழ்க்க வெளியாட்களைப் பிடித்து வருவது என் வேலை. அன்று ஒருவர் வரவில்லை. நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு வரவேற்பறையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். 'மக்கு' என்று சொல்லிப் பள்ளிக்கூடம் பாதியில் வீட்டுக்கு அனுப்பிய அண்ணன். இயக்குநர் அவனையே உள்ளே கூப்பிட்டார்.

"என்னையா?" என்று என்னைப் பார்த்தான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவனை யோசிக்கச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

வண்ணக் கட்டங்களைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான். பக்கத்து நாற்காலிப் பெண் குளிரில் நடுங்குவதைக் கண்டு, எழுந்துபோய் ஏசியை அணைத்துவிட்டு வந்தான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஏசியை அணைத்ததற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. முட்டைதான்.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தோம். அண்ணனைச் சேர்த்தால் இயந்திரம் மயிரிழையில் ஜெயிக்கிறது. விட்டுவிட்டால் தோற்கிறது.

"அவர எடுத்துடுங்க சார். சின்ன வயசுலேர்ந்தே அவர் அப்படித்தான்" என்றேன்.

"எடுத்துடலாம்மா. காரணம் என்னன்னு சொல்றது? மனுஷங்க கணக்குல அவர் வரமாட்டார்னு சொல்லவா? நீங்களே சொல்லுங்க."

பாவி மனுஷன், எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்தார். என் வாயால் அதை எப்படிச் சொல்வேன்?

"இருக்கட்டும் சார்."

"அவர மாதிரி இன்னும் யாராச்சும் இருந்தா அடுத்த வாட்டி கூட்டிட்டு வாங்க" என்றார். அதில் கேலிகூட இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இயந்திரம் மனிதனை எட்டிவிட்டது என்று கூடத்தில் அறிவித்தார்கள். எனக்காகக் காத்திருந்த அண்ணன் கதவருகே நின்று எட்டிப் பார்த்தான்.

"எதுக்கு எல்லாரும் கை தட்டுறாங்க?"

"இன்னிக்கு நீ வந்தேல்ல, அதனாலதான்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அண்ணனுக்கு முகமெல்லாம் பல். காலி டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அவனும் தட்ட ஆரம்பித்தான், எல்லாரையும்விடச் சத்தமாக.