நேரலைக் குறட்டை

“வணக்கம் மக்களே, வெளிய வெயில் பல்லைக் காட்டுது. துணி துவைச்சுக் காயப்போடுங்க” என்று ரேடியோவில் குழைந்தான் அவள் புருஷன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஊரே நேரலை என்று நம்பும் அந்தக் காலை நிகழ்ச்சியை முந்தின நாள் மாலையே பேசிப் பதிவு செய்துவிட்டு வந்து, உள்ளறையில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் அவளோ நாலு மணியிலிருந்து அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“திருடப் போன வீட்டுலயே ஒருத்தன் தூங்கிட்டானாம்” என்று ரேடியோ சிரித்தது. “எனக்கு அந்தக் கொடுப்பினை உண்டா? இப்பதான் வீட்டம்மா சாப்பாடு போட்டா. உப்பை அள்ளிக் கொட்டியிருக்கா.”

கரண்டி அவள் கையிலேயே நின்றது. உடனே போன் அடித்தது.

“அக்கா, ரேடியோ கேட்டோம். எங்க ஆபீஸுக்கு இனிமே சாப்பாடு வேணாம். இங்க பாதிப் பேருக்கு பிரஷர்.”

அந்த ஆபீஸுக்குக் கட்டிய பதினெட்டு டப்பாக்கள் அவள் முன்னால் ஆவி பறக்கக் கிடந்தன. அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

எட்டரைக்குக் கொட்டாவியோடு வந்தவன், “பசிக்குதும்மா” என்றான்.

“இப்பதானே சாப்பிட்டீங்க. ஊரே கேட்டுச்சு.”

“அட, அது சும்மா தமாஷு.”

“அதை, உப்புன்னு கேட்டதும் சாப்பாடு வேணாம்னு சொன்ன ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க. நேத்து சாயங்காலமே பேசி வச்சதுன்னும் சொல்லுங்க.” பதினெட்டு டப்பாக்களையும் இரண்டு பைகளில் அடைத்து அவன் கைகளில் திணித்தாள்.

வாசல் வரை போனவன் திரும்பினான். “குடை எங்க?”

“குடை எதுக்கு? வெளிய வெயில் பல்லைக் காட்டுது” என்று கதவைச் சாத்தினாள்.